வீட்டில ஒருத்தருக்குக் கொரோனாத் தொற்று. ஒரு கிணறு, ஒரு ரொயிலெற். அம்மாவுக்கு வராமப் பாக்கிறது எப்பிடி?

கோண்டாவில்_தங்கச்சி (கேள்வி)

அண்ணாவுக்கு (41) நேற்று அன்ரிஜென் பொசிற்றிவ். காய்ச்சல், இருமல் தொடங்கி இண்டைக்கு மூண்டாம் நாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பாத்திட்டு வீட்டிலயே வைச்சுப் பாக்கலாம் எண்டு சொல்லிட்டார். அம்மாவுக்கு 68 வயசு, நீரிழிவுக்கு மெற்போமின் குடிக்கிறா, சினோபார்ம் ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அவவும் நானும்தான் மற்ற ஆக்கள்.

மூண்டு அறை, தெற்குப் பார்த்த விறாந்தை. ரொயிலெற் வெளியில, கிணத்தடிக்குப் பக்கத்தில ஒண்டே ஒண்டு. மோட்டர் இருக்கு, கரண்ட் போனா வாளியும் கயிறும்தான்.

எந்த அறையில அண்ணாவை விடுறது? ரொயிலெற்றை எப்பிடிப் பாவிக்கிறது? கிணத்துக்குக் குளோரின் போடவேணுமோ? பக்கத்து வீட்டு மாமி டெக்சாமெதசோன் குளிசை தந்திருக்கிறா, குடுக்கலாமோ? ஆவி பிடிக்கலாமோ?

சோளகக்காத்து

முதல்ல அறை. தங்கச்சி, சாமான் துடைக்கிறதில முழு நேரத்தையும் விடாதேங்கோ. இந்த நோய் கூடுதலாப் பரவுறது ஒரே அறைக் காத்தை மூச்சில இழுக்கிறதால. காத்தைச் சரியாக்கினாப் பெரும்பகுதி வேலை முடிஞ்சமாதிரி.

இப்ப ஓகஸ்ட், சோளகம் வீசுற காலம். காத்து தென்மேற்கில இருந்து வருது. ஆனபடியா அண்ணாவுக்கு வடகிழக்குப் பக்கத்து அறை. தெற்கு விறாந்தைக் கதவையும் மேற்கு யன்னல்களையும் திறந்து விட்டா, காத்து உங்கட பக்கத்தால உள்ள வந்து அவற்றை அறை யன்னலால வெளியில போகும். தெற்கு அறையை அவருக்குக் குடுத்தா அவர் விடுற மூச்சுத்தான் வீடு முழுக்கச் சுத்தும். வாடைக்காலத்தில இதே கணக்கு மறுதலை.

அவற்றை அறைக்கதவு எப்பவும் பூட்டி இருக்கவேணும், யன்னல் எப்பவும் திறந்து இருக்கவேணும். கதவுக்கு மேல காத்தோட்டத் துவாரம் இருந்தா அடைக்கத் தேவையில்லை, காத்து அறைக்குள்ள போறவரைக்கும் அது நல்லது. சரிபாக்க ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் கதவின்ர கீழ் இடுக்கில வெளிப்பக்கமாப் பிடியுங்கோ. புகை அறைக்குள்ள இழுபட்டால் சரி. உங்கட பக்கம் திரும்பி வந்தால் பிழை. அப்ப ஒரு நிலைக்காத்தாடியை அவற்றை யன்னலுக்கு ரெண்டு மூண்டடி தள்ளி, முகம் வெளியில பாக்க வைச்சு ஓட விடுங்கோ. அது அறைக்காத்தை வெளியில தள்ளும். கூரைக்காத்தாடி தனிய ஓடினா இருக்கிற காத்தைத்தான் கலக்கும், வெளியில அனுப்பாது.

எல்லாரும் விடுற பிழை, பின்னேரம் ஆறு மணியானா நுளம்பெண்டு யன்னலைப் பூட்டுறது. இரவில சோளகமும் தணியும், யன்னலும் பூட்டு, அவர் பத்து மணித்தியாலம் அதுக்குள்ள இருமுவார். விடிய நீங்கள் தேத்தண்ணியோட கதவைத் திறந்தா எல்லாம் உங்கட முகத்திலதான். நுளம்பு வலையைக் கட்டிப்போட்டு யன்னலைத் திறந்தே விடுங்கோ.

பாக்கிற ஆள் ஒருவர் மட்டும், அது நீங்கள். அம்மா அந்த அறை வாசலுக்கும் வரக்கூடாது. சாப்பாட்டை வாசலில ஒரு கதிரையில வைச்சு, நீங்கள் தள்ளிப் போனபிறகு அவர் எடுக்கட்டும். உள்ள போகத்தான் வேணுமெண்டா உங்களுக்கு என்95 அல்லது கேஎன்95, அவருக்கு சத்திரசிகிச்சை மாஸ்க். மூக்குக் கம்பியை ரெண்டு கையாலயும் அமத்தி, ஊதிப் பாருங்கோ. கண்ணுக்குக் கீழ காத்து அடிச்சா மாஸ்க் இறுக்கமில்லை. நீங்களும் தொற்றைக் காவலாம், அதால அம்மாவோட ஒரே அறையில படுக்காதேங்கோ. அவவோட கதைக்கிறதெண்டா விறாந்தையில, மாஸ்க்கோட.

வாளியும்_கயிறும்

கிணத்துக்குக் குளோரின் இந்த நோய்க்காகத் தேவையில்லை. கொரோனா குடிதண்ணியால பரவுற நோய் இல்லை. கிணறு இறைச்சுக் குளோரின் போடுறது வயித்தோட்டம், நெருப்புக்காய்ச்சல் மாதிரியானதுகளுக்கு. பொதுவா எல்லாரும் தொடுற கயிறு, வாளிப்பிடி, மோட்டர் சுவிச், பைப் இதுகளைத்தான் பாக்கவேணும். கிணத்துக்கட்டில ஒரு சவர்க்காரக் கட்டி வையுங்கோ. தொட முதலும் தொட்ட பிறகும் 20 செக்கன் கை கழுவினாப் போதும். இந்தக் கிருமிக்கு வெளியில கொழுப்புப் படலம் இருக்கு, சவர்க்காரம் அதைக் கரைச்சுவிடும். இன்னும் நல்லது, அண்ணாவுக்கு நீங்களே ரெண்டு வாளி தண்ணி நிரப்பி வெளியில வைச்சு விடுறது. அவர் கிணத்தடிக்கு வரத் தேவையே இராது.

ரொயிலெற்றுக்கு ஒழுங்கு இதுதான்: காலையில நீங்களும் அம்மாவும் முதல், அவர் கடைசி. போகேக்க மாஸ்க் போடட்டும். வெளிக்கிட்ட பிறகு கதவையும் துவாரத்தையும் திறந்து அரை மணித்தியாலம் விடுங்கோ. இரவுக்கு அவருக்கு அறையிலயே ஒரு சலப்போத்தல் குடுத்தா நடமாட்டம் குறையும்.

குளோரின் கரைசல்: 30 வீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் எண்டா, கைபிடி, சுவிச், தாழ்ப்பாள் துடைக்க ஒரு லீற்றர் தண்ணிக்கு 3 – 4 கிராம், அதாவது தலைதட்டின தேக்கரண்டி ஒண்டு. வாந்தி, மலம் சிந்தின இடத்துக்கு ஒரு லீற்றருக்கு 17 கிராம், கிட்டத்தட்ட நாலு தேக்கரண்டி. கடையில போத்தலில வாற 5 வீதக் குளோரின் திரவம் எண்டா, கைபிடி, சுவிச் துடைக்க ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பிளாஸ்ரிக் வாளியில, பச்சைத்தண்ணியில கரைச்சு, அடையவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடுங்கோ. கையுறை போடுங்கோ.

வேலை செய்யாமப் போறதுக்குக் காரணங்கள்: அழுக்குக்கு மேல ஊத்துறது (முதல் சவர்க்காரத் தண்ணியால கழுவவேணும், அழுக்கு குளோரினைத் தின்னும்), ஊத்தின உடன துடைக்கிறது (10 நிமிசம் ஈரமா இருக்கட்டும்), நேற்றுக் கரைச்சதை இண்டைக்குப் பாவிக்கிறது, ஈரம் பிடிச்சுக் கட்டியான பழைய பவுடர். இன்னொண்டு, ரொயிலெற் கழுவுற அசிட் ஊத்தின இடத்தில குளோரினை ஊத்தவே கூடாது. நச்சு வாயு வரும், பூட்டின சின்ன ரொயிலெற்றுக்க அது ஆளை விழுத்திப்போடும். ஆக்களுக்கு மேல தெளிக்கிறதும் வேண்டாம். கழுவின தண்ணி கிணத்துப் பக்கம் ஓடாமப் பாருங்கோ, எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தால அது லேசா இறங்கும்.

அவற்றை உடுப்பை உதறாமல் எடுத்து சவர்க்காரத்தண்ணியில ஊறவைச்சு வெயிலில போடுங்கோ. பிளேற், கோப்பை கழுவுறதுக்கு சாதாரண சவர்க்காரமே காணும்.

கிளினிக்_கொப்பி

டெக்சாமெதசோன் குடுக்கவே வேண்டாம். ஒக்சிஜன் தேவைப்படுகிற நிலைக்குப் போன நோயாளிக்குத்தான் அது உயிர் காக்கும் மருந்து. ஒக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலன் இல்லை, கெடுதல் வர இடமுண்டு என்று 2020இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அம்மா தவறுதலாக எடுத்தால் சீனி உடனே ஏறும். குளிசையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. நிறை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது. பெட்டியை வாசிக்காமல் இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஈரல் பாதிக்கும். இபுபுரோபன், டைகுளோபெனக் வேண்டாம். டெங்கு உள்ள ஊர் இது. காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். அன்ரிஜென் பொசிற்றிவ் என்பதால் டெங்கு இல்லையென்று ஆகாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் அண்ணாவுக்கு அது இன்றைக்கு.

ஆவி பிடிப்பதால் கிருமி சாகாது. கொதிநீர் கவிழ்ந்து தொடை வேகுவதுதான் அதில் கண்ட பலன். கொத்தமல்லித் தண்ணி, ரசம் தாராளமாகக் குடிக்கலாம், தொண்டைக்கு இதம். வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் ஜீவனி (உப்பு-சீனி நீரேற்றத் தூள்) ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். அரைப் பக்கெற், கண் அளவு என்று கரைக்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்டு, ஆள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒக்சிஜன் இறங்கும். அதனால் விரலில் மாட்டி இரத்த ஒக்சிஜனைப் பார்க்கும் ஒக்சிமீற்றர் ஒன்று அவசியம். ஐந்து நிமிடம் சும்மா இருந்தபின், சூடான விரலில், நகப்பூச்சும் மருதோண்டியும் இல்லாமல் போட்டு, எண் ஒரு நிமிடம் அசையாமல் நின்றபின் எழுதுங்கள். காலை, மதியம், மாலை, படுக்கைக்கு முன். கருவியில் இரண்டு எண் வரும், நாடித்துடிப்பை ஒக்சிஜன் என்று வாசித்துவிடாதீர்கள். 95 அல்லது அதற்கு மேல் நல்லது. 94 அல்லது 93 என்றால் அன்றைக்கே வைத்தியருக்கு எடுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ், அல்லது ஒரு வசனம் முழுதாகக் கதைக்க மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், தடுமாறினால், உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

அம்மாவின் சீனியை நாளும் பாருங்கள். காய்ச்சல் வந்தால் அது தானாக ஏறும். சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தால் மெற்போமினைத் தொடர்வதா என்று அன்றைக்கே கேளுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்தாறு நாள் கழித்து அவவுக்கும் உங்களுக்கும் ஒரு பரிசோதனை வேண்டும். இன்றைக்கே செய்து நெகற்றிவ் வந்தால் அதை நம்பி மாஸ்க்கைக் கழற்றக்கூடாது.

கோண்டாவில்_தங்கச்சி

நன்றி. ஒக்சிமீற்றர் வாங்கியாச்சு. முதல்தரம் 91 காட்டிச்சு, பேந்து 97. எதை நம்புறது? 1990க்கு எடுக்க வேண்டி வந்தா என்ன ஆயத்தம்?

கிளினிக்_கொப்பி

குளிர்ந்த விரல், அசைந்த கை, அரைகுறையாக நுழைந்த விரல், பலவீனமான பற்றரி – இவை நாலும் எண்ணை இறக்கிக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மற்றக் கையின் நடுவிரலில் போடுங்கள், உங்கள் விரலிலும் போட்டு ஒப்பிடுங்கள். மூன்று தடவையில் இரண்டு தடவை வரும் எண்ணை எடுங்கள். ஆள் மூச்சு வாங்கினால் எண் 97 என்றாலும் நம்ப வேண்டாம். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சோளகக்காத்து

ஆயத்தம் இண்டைக்கே செய்யுங்கோ. ஒரு பையில அடையாள அட்டை, அன்ரிஜென் துண்டு, ஒக்சிஜன் எழுதின கொப்பி, ஃபோன் சார்ஜர், ரெண்டு சாரம், துவாய், தண்ணிப்போத்தல். அம்மாவின்ர கிளினிக் கொப்பியை அவவுக்கெண்டு வேற பையில போடுங்கோ. வீட்டுக்கு வாற வழியை ஒரு தாளில எழுதி ஃபோனுக்குப் பக்கத்தில ஒட்டுங்கோ: எந்த வீதி, எந்தக் கோயிலடியால திரும்புறது, எத்தினையாவது ஒழுங்கை. பதட்டத்தில சொந்த ஒழுங்கையே வாயில வராது. அம்புலன்ஸ் வாறவரைக்கும் ஆளைக் குப்புறப் படுக்க விடலாம், ஏலாட்டி நிமிர்ந்து இருக்கட்டும், மல்லாக்க வேண்டாம். இரவெண்டா வாசல் லைற்றைப் போட்டு, நாயைக் கட்டி, படலையைத் திறந்து விடுங்கோ.