தெருப்பூனையை வீட்டுக்குள் பழக்குவது: முதல் மூன்று வாரமும் மணல் தட்டும்

பூனை வளர்க்கும் ஐந்து பேர் மாறி மாறி எழுதியது இது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே எழுதியவரின் புனைபெயரும் ஊரும்.

மாடி வீடு, சென்னை

தெருவில் வளர்ந்த பூனைக்குக் குழி தோண்டி மலம் கழித்து மூடக் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறந்த ஒரு மாதத்திலேயே அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் வந்ததும் மெத்தையிலும் செடித் தொட்டியிலும் போகிறதென்றால், அதற்குத் தெரிந்த மண் அங்கே இல்லை என்று பொருள். அந்த மண்ணை ஒரே இடத்தில் கொடுங்கள். மற்ற இடங்களை மறையுங்கள். பழக்குவது என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடுவதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம். பரண், பீரோவின் பின்புறம், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து என்று எதிலாவது நுழைந்துகொள்ளும், அங்கேயே மலம் கழிக்கும், அந்த வாசனை மறுநாளும் அங்கேயே இழுக்கும். ஒரு சின்ன அறை போதும். எட்டுக்குப் பத்தடி அறை தாராளம். அறை இல்லாதவர்கள், ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள முடிந்தால், குளியலறையைக்கூடப் பயன்படுத்தலாம்.

அறைக்குள் இருக்க வேண்டியவை: ஒரு மூலையில் மணல் தட்டு. அதற்கு நேரெதிர் மூலையில் சாப்பாடு, குறைந்தது ஐந்தாறு அடி தள்ளி. தண்ணீரைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்தும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஓட்டைகளோடு. ஒரே வழி உள்ள பெட்டி பூனைக்குப் பொறி மாதிரி. கட்டிலுக்கடியை அட்டை வைத்து அடைத்துவிடுங்கள். ஒளியும் இடம் நீங்கள் கொடுத்ததாக இருக்க வேண்டும், அது கண்டுபிடித்ததாக இருக்கக் கூடாது. எறும்புக்கு, சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய அகலமான தட்டின் நடுவே வைத்தால் போதும். எறும்புப் பொடியும் சாக்பீஸும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

முதல் மூன்று நாள் தொட முயலாதீர்கள். சாப்பாடு வைத்துவிட்டுத் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து செல்போனோ புத்தகமோ பார்த்துக்கொண்டிருங்கள், இருபது நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கண்ணைக் கண் பார்த்தால் அதற்கு அது மிரட்டல். பார்க்க நேர்ந்தால் மெதுவாக இமை மூடித் திறங்கள். அதுவும் அப்படியே திருப்பிச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

மணல் தட்டு, மதுரை

தட்டைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான்.

அளவு: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு நீளம். வளர்ந்த பூனைக்கு 22 அங்குலத்துக்குக் குறையாமல் வரும். கடையில் பூனைத்தட்டு என்று விற்பது பெரும்பாலும் குட்டிக்குத்தான் சரி. துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் நான்கு அங்குல உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பில் தடித்த டேப் ஒட்டுவது இதைவிட நல்லது, விலையும் குறைவு. கடுவன்கள் பல சமயம் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சிறுநீர் கழிக்கும். மற்ற மூன்று பக்கமும் பத்து அங்குலம் இருந்தால் சுவர் நனையாது. எட்டு வாரக் குட்டிக்கு மூன்று அங்குல விளிம்புக்கு மேல் வேண்டாம். கொத்தனார் கலவை அள்ளும் பிளாஸ்டிக் சட்டியும் குட்டிக்குச் சரியாக வரும். மூடி போட்ட தட்டு தெருப்பூனைக்கு ஆகாது. யார் வருகிறார்கள் என்று பார்க்க முடியாத இடத்தில் அது உட்காராது.

எண்ணிக்கை: ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று. இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்தால் பூனை அதை ஒன்றாகத்தான் கணக்கிடும்.

ஆழம்: இரண்டு முதல் மூன்று அங்குலம். 22க்கு 16 அங்குலத் தட்டில் ஐந்து கிலோ களிமண் லிட்டர் (தட்டில் மணலுக்குப் பதிலாகப் போடக் கடையில் விற்கும் துகள்; அளவு லிட்டர் இல்லை) ஓர் அங்குலம்தான் நிரப்பும். ஒரே பையைக் கொட்டிவிட்டு "தோண்டவே மாட்டேன் என்கிறது" என்று கவலைப்படுகிறார்கள். தோண்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பத்து கிலோ போடுங்கள்.

மாற்றும் வரிசை இப்படி. முதல் ஐந்து நாள் வெறும் மணல். சலித்து, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்த ஆற்று மணல் நல்லது. செம்மண் வேண்டாம், வீடெங்கும் காலடித் தடம் விழும். எம்சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூசு அதிகம், துகளும் கூரானது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் வளர்ந்த பூனை அதைத்தான் கேட்கும் என்றால், கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பிறகு மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு லிட்டர். ஐந்து நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. அடுத்து ஒரு பங்கு மணல், மூன்று பங்கு லிட்டர். பிறகு முழுக்க லிட்டர். மூன்று வாரம் ஆகும். நடுவில் ஒரு முறை தட்டுக்கு வெளியே போனால் முந்தைய கலவைக்குத் திரும்பி இன்னும் ஐந்து நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பயனில்லை.

லிட்டர் வாசனை இல்லாததாக இருக்கட்டும். லாவெண்டர், எலுமிச்சை மணமெல்லாம் நம் மூக்குக்காகச் சேர்ப்பவை. நீர் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண் வகையைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன, மணலுக்கு நெருக்கமாக இருப்பதால். ஆனால் மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு வேண்டாம். வாயில் போட்டுப் பார்க்கும், வயிற்றுக்குள் போய்க் கட்டியாகும். அதற்கு மரத்துகள் உருளைகளோ வெறும் மணலோ போதும். மழைக்காலத்தில் திறந்த பையிலிருக்கும் மரத்துகள் உருளை ஈரத்தில் உப்பிவிடும். மூடியுள்ள பழைய பெயிண்ட் வாளியில் கொட்டி வையுங்கள்.

அள்ளுவதற்கு வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கினால் போதும். காலை, மாலை இரு வேளையும் அள்ள வேண்டும். முதல் வாரம் மட்டும் அதன் மலத்தில் ஒரு சிறு துண்டைத் தட்டிலேயே விட்டுவையுங்கள், இடம் அடையாளம் தெரியும். அள்ளியதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்டினால் களிமண் குழாயிலேயே இறுகிவிடும்.

இரண்டு பூனை, திருச்சி

குளியலறை ஜலதாரையில் போகும் பூனைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் சிறுநீரில் ரத்தம் வந்தாலும் தெரியாது, வயிற்றுப்போக்கும் தெரியாது. தட்டை நேராக அந்த ஜலதாரை மேலேயே வையுங்கள். ஒரு வாரம் தட்டில் போன பிறகு நகர்த்தத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

செடித் தொட்டிகளில் மண் தெரியாதபடி முக்கால் அங்குல ஜல்லி பரப்புங்கள். மெத்தை மேல் தார்ப்பாய். அழுக்குத் துணிக் கூடைக்கு மூடி.

தவறான இடத்தில் போய்விட்டால் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பது, அடிப்பது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். நீங்கள் இருக்கும்போது போகக் கூடாது என்று மட்டுமே அது கற்றுக்கொள்ளும், பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும். சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும் தூங்கி எழுந்ததும் குட்டியைத் தூக்கித் தட்டில் விடுங்கள். கையைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டாம், நீங்களே விரலால் மணலைக் கொஞ்சம் கிளறினால் அந்தச் சத்தமே போதும்.

கால்நடை மருந்தக உதவியாளர், கோவை

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். துடைப்பது பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், கவனமாகப் படியுங்கள்.

பூனை இருக்கும் தரையில் பினாயில் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். பீனால் வகைப் பொருள்களை வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகிறது. அம்மோனியா கலந்த துடைப்பான் சிறுநீர் மாதிரியே மணக்கும், அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கும். சிறுநீர் மேல் பிளீச்சிங் கரைசல் ஊற்றினால் நச்சு வாயு வரும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கரைசலை ஊற்றித் தானாக உலரவிடுங்கள். அந்துருண்டையும் கற்பூரமும் பூனையை விரட்ட மூலைகளில் வைக்கிறார்கள். இரண்டுமே விஷம்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை மேல் விடாதீர்கள். பெர்மெத்ரின் உள்ள சொட்டு மருந்து பூனையை வலிப்பில் தள்ளிக் கொன்றுவிடும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரைகூட உயிரைக் குடிக்கும்.

வீட்டுக்குள் ஏற்கெனவே பூனை இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனி அறையில், தனித் தட்டு, தனிக் கிண்ணத்தோடு வையுங்கள். பூனைப் பார்வோ வைரஸ் (கடும் வாந்தியும் பேதியும் தரும் கிருமி) ஓர் அறையில் ஓராண்டுவரைகூடத் தங்கும். முன்பு அந்த நோயில் பூனை இறந்த வீடென்றால், அழுக்கைக் கழுவிய பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வாரத்தில் அடுத்தது, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. குடற்புழு மருந்து எடைக்கேற்ப, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி. வாலடியில் அரிசிமணி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் அது போகாது. காது, மூக்கைச் சுற்றி வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் தொற்றும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28ஆம் நாள்களில் ரேபிஸ் தடுப்பூசி. குட்டிதானே என்று விடக் கூடாது.

கர்ப்பிணிகள் கேட்பதால் இதையும் சொல்கிறேன். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறிய உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். தினமும் அள்ளினால் ஆபத்து வெகுவாகக் குறையும். அள்ளும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

மாடி வீடு, சென்னை

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. பேதியாகும் பூனை தட்டுவரை ஓட முடியாமல் வழியிலேயே போகும், பழி தட்டின் மேல் விழும். மீனை வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். மத்தி, நெத்திலி பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 அழியும். மீன்சோறு மட்டும் போதாது, டாரின் (பூனைக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய சத்து) சேர்ந்த பூனை உணவு ஏதாவது தினமும் வேண்டும். நான்கு கிலோப் பூனைக்கு உலர் உணவென்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம், இரண்டு மூன்று வேளையாக. நேரம் வைத்துப் போட்டால் மலமும் நேரத்துக்கு வரும். பயத்தில் முதல் நாள் சாப்பிடாமலிருப்பது இயல்பு. இரண்டாம் நாளும் தொடவில்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள், பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறும்.

இரவுக் கத்தல்: தெருவில் அதற்கு வேலை நேரமே அந்தியும் விடியலும்தான். இரவு பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, அதற்குப் பிறகு கடைசிச் சாப்பாடு. கத்தும்போது கதவைத் திறக்காதீர்கள். பத்து இரவில் ஓர் இரவு பொறுக்காமல் வெளியே விட்டால், கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொண்டு அடுத்த பத்து இரவும் இன்னும் பலமாகக் கத்தும். விளையாடிய கயிற்றை உடனே எடுத்து வையுங்கள். மல்லிகைச் சரத்தின் நூலையும் அப்படியே. விழுங்கினால் குடலைச் சுருக்கு மாதிரி இழுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

பால்கனியில் புறாவலையை நம்பாதீர்கள், கடித்து அறுத்துவிடும். ஓர் அங்குலக் கம்பிவலை அடியுங்கள். மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டும் இன்விசிபிள் கிரில்லின் இடைவெளியில் குட்டி நுழைந்துவிடும்.

பூனைவணங்கி, தஞ்சாவூர்

பிறாண்டுவதற்கு மூன்றடிக் கட்டையில் சணல் கயிறு இறுக்கிச் சுற்றுங்கள், அடிப்பாகம் ஆடக் கூடாது. அதற்கு வர மறுக்கும் பூனைக்குக் குப்பைமேனி வேர் உதவும். பூனைவணங்கி என்று அந்தச் செடிக்குச் சும்மா பேர் வரவில்லை. புதிதாகப் பிடுங்கிய வேரைக் கட்டையில் தேய்த்தால் உருண்டு புரளும் பூனைகள் உண்டு. தேய்த்துவிட்டு வேரை எடுத்துவிடுங்கள், தின்னக் கொடுக்க வேண்டாம். மணல் தட்டுக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், அங்கே படுத்துக்கொள்ளும்.

எல்லாப் பூனையும் வீட்டுக்குள் அடங்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதக் கை பட்ட குட்டி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மூன்று வயதுவரை யாரும் தொடாத பூனை, இரண்டு மாதம் ஆகியும் நீங்கள் அறையில் இருக்கும்போது சாப்பிடவே வராவிட்டால், அதைக் கூண்டில் வாட விடாதீர்கள். கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, இடது காது நுனி வெட்டிய அடையாளத்தோடு, பிடித்த அதே தெருவில் விட்டு, வேளைக்குச் சாப்பாடு வையுங்கள். வேறு ஊரில் கொண்டுபோய் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

கால்நடை மருந்தக உதவியாளர், கோவை

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்டை நான்கு மாதத்திலேயே சினையாகிவிடக்கூடும். கடுவன் சுவரில் பீய்ச்சத் தொடங்குவது மணல் தட்டுப் பழக்கத்தின் குறை இல்லை, எல்லை குறிப்பது. அறுவைக்குப் பின் பெரும்பாலானவற்றுக்கு அது அடங்கும், உடனே இல்லை, சில வாரம் ஆகும். பழக்கமாகி ஊறிய பிறகு செய்தால் சிலவற்றுக்குப் போகாமலே நிற்கும்.

தட்டில் தினமும் எத்தனை கட்டி விழுகிறது என்று எண்ணுங்கள். சிறுநீர்க் கட்டி இரண்டு முதல் நான்கு, மலம் ஒன்று அல்லது இரண்டு. திடீரென்று சின்னச் சின்னதாகப் பல கட்டி விழுந்தாலோ, நன்றாகப் பழகிய பூனை குளிர்ந்த தரையில் போனாலோ அதற்குச் சிறுநீர்ப்பையில் வலி. கடுவன் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து ஒரு சொட்டும் வரவில்லையென்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும், அன்றைக்கே, இரவானாலும், தூக்கிக்கொண்டு போங்கள்.