அந்த 0.01 யாருடையது?

குகை லேப்காரர்:
நேற்று ராத்திரி நம்ம ஏரியா வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ வந்தது. "டிஎன்ஏ டெஸ்ட்டை நம்பாதீங்க. எந்த ரிப்போர்ட்லயும் இவர்தான் அப்பான்னு நூறு சதவீதம் போட மாட்டான். 99.99-னுதான் போடுவான். மிச்சம் சந்தேகம்தானே?" என்று ஒருவர் ஒன்றரை நிமிஷம் முழங்கியிருக்கிறார். முப்பது வருஷம் லேப்பில் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருஷம் பெங்களூரில், டிஎன்ஏ பிரிவில். இதைக் கேட்டதும் தட்டுவடை செட் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என்ன கூச்சம்?

சிவதாபுரம் பட்டறை:
அந்த "ஒருவர்" நான்தான். பேரைப் போட்டே எழுதியிருக்கலாமே சார், பயமா?
எங்கள் வெள்ளித் தொழிலில் 99.99 கட்டி என்றால் மிச்சத்தில் செம்போ வேறெதுவோ கிடக்கிறது என்று அர்த்தம். தாத்தா காலத்திலிருந்து உரைகல் பார்க்கிற குடும்பம், நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்கிற டச் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 0.01 என்ன?

குகை லேப்காரர்:
இது வெள்ளி இல்லைங்க. பிள்ளையின் உடம்பில் 99.99 பங்கு அப்பா, மிச்சம் பக்கத்து வீட்டுக்காரர் என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுதியிருக்காது.

எப்படிப் பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியை அரை நிமிஷம் உருட்டி எடுப்போம். ஈரம் காய்ந்த பிறகுதான் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய இடங்களை மட்டும் பிசிஆர் மெஷினில் கோடிக்கணக்கில் நகல் எடுப்பார்கள். அந்த இடங்களில் நாலெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எஸ்டிஆர் என்று பெயர். எனக்கு 12 தடவை வந்தால் உங்களுக்கு 15 தடவை வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு இடத்துக்கு ரெண்டு எண், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. பிள்ளைக்கு 12, 15 என்று இருக்கிறது. அம்மாவுக்கு 12, 14. அப்போ அந்த 15 அப்பன் வழியில்தானே வந்திருக்க வேண்டும்? அப்பா என்று சொல்லப்படுகிறவரிடம் 15 இருக்கிறதா என்று பார்ப்போம். இதுதான் விஷயம்.

சிவதாபுரம் பட்டறை:
15 இருக்கிற ஆம்பிளை சேலம் ஜில்லாவிலேயே ஒருத்தர்தானா?

குகை லேப்காரர்:
அதனால்தான் ஒரு இடத்தோடு விடுவதில்லை. அமெரிக்காவில் எஃப்பிஐ 13 இடம் வைத்திருந்தது, 2017-லிருந்து 20 ஆக்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்த எண் ஜனங்களிடம் எவ்வளவு அபூர்வம் என்று பார்த்து, எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு விகிதம் வரும். பத்தாயிரம் என்று வந்தால், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் அப்பா என்று வைத்துக்கொள்வதைவிட, இவர்தான் அப்பா என்றால் இந்த எண்கள் இப்படி அமைய பத்தாயிரம் மடங்கு வாய்ப்பு. ஆமாவுக்கும் இல்லைக்கும் ஆரம்பத்தில் சரிபாதி இடம் கொடுத்துக் கணக்குப் போட்டால் அதுதான் 99.99. பல ரிப்போர்ட்டில் விகிதம் லட்சம், கோடி என்றே வரும். நூறு போட வேண்டுமானால் உலகத்தில் இருக்கிற ஆம்பிளைகள் அத்தனை பேர் கன்னத்திலும் குச்சி விட வேண்டும்.

சிவதாபுரம் பட்டறை:
இவ்வளவு எழுதினீர்கள், சந்தோஷம். கடைசியில் மிச்சம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள். நான் ஆடியோவில் சொன்னதும் அதைத்தான்.

மல்கோவா மன்னன்:
எதுக்குங்க இத்தனை செலவு? ரத்த வகை பார்த்தாலே தெரிஞ்சிடுமே. எங்க தாத்தா காலத்துல அப்படித்தான்.

குகை லேப்காரர்:
உங்கள் தாத்தா காலத்தில் ஏற்காட்டுக்கு மாட்டுவண்டியில்தான் போனார்கள். இன்றைக்கும் அப்படியே போங்களேன்? ரத்த வகையை வைத்து ஒருவரை "அப்பா இல்லை" என்று விலக்கத்தான் முடியும், "இவர்தான்" என்று சொல்ல முடியாது. பி வகைக்காரர்கள் ஊரில் எத்தனை பேர்! விலக்குவதிலும் வில்லங்கம் உண்டு. பம்பாய் ரத்த வகை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1952-ல் பம்பாயில் கண்டுபிடித்தது. சாதாரண டெஸ்ட்டில் அது ஓ மாதிரியே காட்டும், உள்ளே ஏ, பி மரபணு மறைந்திருக்கலாம். இதை நம்பி ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்பியிருந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

மல்கோவா மன்னன்:
மாட்டுவண்டியில போனா 20 வளைவும் நின்னு நிதானமா பார்க்கலாம். உங்களுக்கு என்னங்க அவசரம்?

சேர்வராயன்:
கொண்டை ஊசி வளைவு 20-ம் அஸ்தம்பட்டி, அடிவாரம் வழியாக வருகிற ரோட்டில். குப்பனூர் வழி வேற. மலையில் இருக்கிறவன் சொல்கிறேன்.
எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. தெரிந்த ஒருவருக்கு மேலே ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், நடுவில் மிளகும் சில்வர் ஓக்கும். அவருடைய அப்பா இறந்து மூன்று வருஷம். இப்போது கீழே ஊரிலிருந்து ஒரு பையன் வந்து "நானும் அவர் மகன்தான், பங்கு வேண்டும்" என்கிறான். அப்பா உயிரோடு இல்லையே, யாரிடம் டெஸ்ட் எடுப்பது?

அம்மாபேட்டை தறி:
சேர்வராயன் கேட்டதற்குப் பதில் சொல்வீர்கள் என்று பார்த்தால் எல்லாரும் தசமப் புள்ளியில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கட்டுமா? ஊரில் யார் இந்த டெஸ்ட்டைக் கேட்கிறார்கள்? பாதிக்குப் பாதி, பொண்டாட்டி மேல் சந்தேகம் வந்தவன். பிள்ளை அவன் நிறத்தில் இல்லையாம். எங்கள் தெருவில் ஒருத்தன் ஆறு மாசம் இதையே சொல்லிச் சொல்லி அந்தப் பெண் தறியில் உட்காரவே பயந்தாள். டெஸ்ட் எடுத்தார்கள், பிள்ளை அவனுடையதுதான் என்று வந்தது. அவன் மன்னிப்புக் கேட்டானா? "99.99 தானே" என்றான். உங்கள் ஆடியோ மாதிரிதான் அண்ணா.

சிவதாபுரம் பட்டறை:
அவன் செய்ததற்கு நான் பொறுப்பா அக்கா? நான் எண்ணைப் பற்றித்தான் கேட்டேன்.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
கோர்ட்டில் இருபது வருஷம் கட்டுத் தூக்கியவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். அம்மாபேட்டை அக்கா சொன்ன ஆளுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சாட்சியச் சட்டம் 1872, பிரிவு 112. சட்டப்படியான கல்யாணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை, அல்லது கல்யாணம் முறிந்து அம்மா மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள் பிறந்த பிள்ளை அந்தப் புருஷனுடையதுதான். ரெண்டு பேரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்கலாம். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அதுவே பிரிவு 116. கேட்டவனுக்கெல்லாம் டெஸ்ட்டுக்கு உத்தரவு போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1993-லேயே கௌதம் குண்டு வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் 99.99-ஆ 100-ஆ என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

குகை லேப்காரர்:
பாதியைச் சொல்லி நிறுத்தாதீர்கள். அதே சுப்ரீம் கோர்ட் 2014-ல் நந்தலால் பத்வாயிக் வழக்கில் என்ன சொன்னது? சட்டத்தின் அனுமானமும் விஞ்ஞான நிரூபணமும் மோதினால் விஞ்ஞானத்துக்குத்தான் முதல் இடம் என்றது. அந்த வழக்கில் டிஎன்ஏ ரிப்போர்ட் "அப்பா இல்லை" என்று வந்திருந்தது. என்.டி. திவாரி வழக்கு ஞாபகம் இல்லையா? உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர், முன்னாள் கவர்னர். 2012-ல் கோர்ட் உத்தரவின் பேரில் ரத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஐதராபாத்தில் பார்த்தார்கள், வழக்குப் போட்ட பையன் அவர் மகன்தான் என்று வந்தது.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
நான் பாதியைச் சொல்லி நிறுத்தவில்லை, உங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தேன். லேப்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து எடுத்துத் தருகிற ரிப்போர்ட் கோர்ட்டில் செல்லாது என்பதையும் எழுதுங்களேன். யார் வாயில் குச்சி விட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். போட்டோ, கைரேகை, கையெழுத்து, சீல், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு. இல்லாவிட்டால் அண்ணன் கன்னத்துக் குச்சியைத் தம்பி பேரில் அனுப்பிவிடுவார்கள்.

சிவதாபுரம் பட்டறை:
ஆ, அண்ணன் தம்பி! நல்ல இடத்துக்கு வந்தீர்கள். லேப் சார், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இருந்தால் உங்கள் மெஷின் பிரித்துச் சொல்லுமா?

குகை லேப்காரர்:
சாதாரண அண்ணன் தம்பி என்றால் பிரித்துவிடலாம், ஆனால் ரெண்டு பேரையும் சோதிப்பதுதான் நல்லது. கணக்கு முழுக்க "சம்பந்தமில்லாத ஆள்" என்ற அடிப்படையில் போடுவது. கூடப்பிறந்தவனிடம் பாதி எண்கள் ஒத்துப்போகும். ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையர் என்றால் வழக்கமான டெஸ்ட்டால் பிரிக்க முடியாது. இன்னொன்றும் நானே சொல்லிவிடுகிறேன். 20-ல் ஒரு இடம் பொருந்தாவிட்டால் உடனே "அப்பா இல்லை" என்று எழுத மாட்டோம். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது ஆயிரத்தில் ஒன்றிரண்டு தடவை 15 என்பது 16 ஆகிவிடும். அது மரபணு மாற்றம். ரெண்டு மூன்று இடம் இடித்தால்தான் விலக்குவோம்.

சிவதாபுரம் பட்டறை:
அடடா. பொருந்தினாலும் நூறு இல்லை, பொருந்தாவிட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். எங்கள் உரைகல்லே தேவலாம்!

குகை லேப்காரர்:
1984-ல் அலெக் ஜெஃப்ரீஸ் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காணும் வழியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உலகமே ஒத்துக்கொண்டது, சிவதாபுரம் மட்டும் ஒத்துக்கொள்ளாதாம். நம் நாட்டில் விஞ்ஞானி லால்ஜி சிங் ஐதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் கொண்டுவந்து, கேரளத்துத் தலச்சேரி கோர்ட்டில் ஒரு பிள்ளைக்கு அப்பா யார் என்று சாட்சி சொன்னவர். சுனாமி சமயம் இலங்கையில் கல்முனையில் "குழந்தை 81" என்று ஒரு கைக்குழந்தை, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பிள்ளை எங்கள் பிள்ளை என்று பல தாய்மார் வந்து நின்றதாகச் செய்தி வந்தது. 2005 பிப்ரவரியில் டிஎன்ஏ பார்த்துத்தான் பெற்றவர்களிடம் கொடுத்தார்கள். அந்த அம்மாவிடம் போய் "மிச்சம் 0.01 இருக்கே" என்று சொல்லிப் பாருங்கள்.

அம்மாபேட்டை தறி:
இதைச் சொன்னீர்களே, இது வேறு. பிள்ளை மாறிப் போனவள் கேட்கலாம், ஏமாற்றிவிட்டுப் போனவனிடம் ஜீவனாம்சம் வாங்க ஒருத்தி கேட்கலாம். அதற்கெல்லாம் நான் கை தட்டுவேன். வீட்டுக்குள் சந்தேகத்துக்குத் தீனி போடுவதைத்தான் சொல்கிறேன்.

சிவதாபுரம் பட்டறை:
கல்முனை வரைக்கும் போய்விட்டார். சேலத்திலேயே நின்று பேசலாம் சார். போன தீபாவளிக்கு நம்ம பட்டறையில் ஒரு கொலுசு வாங்கினீர்களே. 80 டச் என்று கொடுத்தேன். யாரோ வைத்திருக்கிற மெஷினில் வைத்துப் பார்த்து 76 என்று வந்து குதித்தீர்கள். "மெஷினில் ஒன்று ரெண்டு முன்னப்பின்ன இருக்கும், மேலே பாலிஷ் இருக்கிறது, உருக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்று சொன்னேன். "மெஷின் பொய் சொல்லாது" என்று கடை வாசலில் பத்துப் பேர் பார்க்கக் கத்தினீர்கள். இன்றைக்கு உங்கள் மெஷினுக்கு மட்டும் மரபணு மாற்றம், அபூர்வம், பெருக்கல் எல்லாம் வருகிறதா?

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
ஓஹோ. இப்போதுதான் வழக்கின் மூலக்காரணம் தெரிகிறது.

குகை லேப்காரர்:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். நாலு டச் வித்தியாசம் தசமப் புள்ளியா? 0.01-க்கு இவ்வளவு கூப்பாடு போடுகிறவர் நாலை எப்படி விழுங்கினீர்கள்?

சிவதாபுரம் பட்டறை:
கொலுசைக் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே உருக்குகிறேன். குறைந்தால் கிலோ வெள்ளி தருகிறேன்.

குகை லேப்காரர்:
பேத்தி காலில் கிடக்கிறது. கழட்ட விட மாட்டேன் என்கிறாள்.

மல்கோவா மன்னன்:
அப்ப 80-ஆ 76-ஆன்னு கடைசி வரை தெரியாதா?

சிவதாபுரம் பட்டறை:
80. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குகை லேப்காரர்:
76.

சேர்வராயன்:
ஐயா, அந்தக் காப்பித் தோட்டம்...

அஸ்தம்பட்டி குமாஸ்தா:
உங்களுக்கு நான் சொல்கிறேன். தோட்டக்காரரும் அந்தப் பையனும் ரெண்டு பேரும் ஆண்கள் என்றால் ஒய் குரோமோசோம் பார்க்கலாம். அப்பன் வழியில் அப்படியே இறங்கி வரும். பொருந்தாவிட்டால் ரெண்டு பேரும் ஒரே அப்பன் பிள்ளைகள் இல்லை என்று ஆகும்.

குகை லேப்காரர்:
குமாஸ்தா இப்போது லேப்பும் திறந்துவிட்டார். பொருந்தினால்? சித்தப்பா மகனுக்கும் அதே ஒய்தான். அதை ஏன் விட்டீர்கள்? இறந்தவருக்கு எப்போதாவது ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்திருந்தால், அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி இன்னும் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அதிலிருந்தே எடுக்க முடியலாம்.

சேர்வராயன்:
கோயம்புத்தூரில் ஒரு ஆபரேஷன் நடந்தது என்று கேள்வி. விசாரிக்கச் சொல்கிறேன். ரொம்ப நன்றிங்க. அதில் எத்தனை சதவீதம் வரும்?

சிவதாபுரம் பட்டறை:
கேளுங்க, நல்லாக் கேளுங்க.