'தி ரூயின்ஸ்' (2008) பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடிவாசி: மெக்சிகோவுக்குச் சுற்றுலா போன பசங்க மாயன் கோயில் உச்சியில் மாட்டிக்கொள்ள, அங்கே படர்ந்திருக்கிற செடிக்கொடி அவர்களைத் தின்கிற படம். அடுத்த வாரம் ஜவ்வாது மலைக்கு வருகிற கூட்டாளிகளோடு பார்க்கலாம் என்கிறார்கள். ரத்தம் ரொம்ப அதிகமா?

ஆரணி_ரசிகன்: அதிகம்தான். ஆனால் கல்லால் எலும்பை உடைத்து, கத்தியால் அடிபட்டவன் காலை அறுத்து, சூடேற்றிய சட்டியை வைத்துச் சுடுகிறானே அந்த மருத்துவ மாணவன், அது சும்மா ரத்தம் காட்ட வைத்ததில்லை, மயக்கமருந்துகூட இல்லாத இடத்தில் காப்பாற்றியே தீருவேன் என்கிற அவன் பிடிவாதம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ராணிப்பேட்டை: அந்தக் கொடியின் பூக்கள் செல்போன் மணிபோலவே ஒலிக்கிற இடம் எனக்கு இன்னும் பயங்கரம். அப்புறம், கீழே நிற்கிற ஊர்க்காரர்களை வில்லன் என்று எழுதுகிறார்கள், தப்பு. கொடி வெளியே பரவாமல் தடுக்கிறார்கள் பாவம்.

ஆரணி_ரசிகன்: அதேதான். தாராளமாகப் பாருங்க, சாப்பிட்டவுடன் மட்டும் வேண்டாம்.