வெளிநாட்டுப் பயணத்தில் வீட்டு ஆளுக்கு அடிபட்டு, பக்கத்தில் இருந்த ஒரே ‘டாக்டர்’ நீங்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லைப்பொண்ணு:
எம்பிபிஎஸ் மூன்றாம் வருஷம். போன டிசம்பரில் குடும்பத்தோடு மலேசியா. பத்துமலையின் 272 படிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூறல் வேறு. வெறுங்காலோடுதான் ஏறுவேன் என்று ஏறிய அம்மா, இறங்கும்போது வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்பார்களே, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல் வளைவு, மணிக்கட்டை ஒட்டி எலும்பு உடையும் காலிஸ் முறிவு. அதேதான்.

விபூதிப் பொட்டலத்தை அந்தக் கையில்தான் இறுக்கிப் பிடித்திருந்தார். “அதை விடும்மா” என்றேன். “கீழ போட்டுராத” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாக விரித்தார். விரல் அசைகிறது, நுனியில் தொடு உணர்ச்சி இருக்கிறது, நரம்பு தப்பித்தது. நாடியும் கிடைத்தது. வீக்கம் ஏறுவதற்குள் நெளி மோதிரத்தைக் கழற்றி, அப்பா கையில் இருந்த தமிழ்ப் பேப்பரை மடித்து அடியில் கொடுத்து, என் துப்பட்டாவால் கழுத்தோடு கட்டினேன். இதுவரை எல்லாம் சரி.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நாங்கள் பச்சை, அதாவது காத்திருக்க வேண்டும். அப்பா அந்த நேரம் முழுக்க வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் “என் பொண்ணு டாக்டர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளைவு, முறிந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டு எலும்பை நேராக்கும் நேரத்தில், ஆள் இல்லாததால் அந்த டாக்டர் “நீங்களே மேல்கையைப் பிடிச்சுக்குங்க, நான் இழுக்கிறேன்” என்றார். பிடித்தேன். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உள்ளே ‘நறுக்’. அம்மா கத்தவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எலும்பு நன்றாகவே சேர்ந்துவிட்டது. ஆனால் ஆர்த்தோ வார்டில் யாருக்காவது கையைப் பிடிக்கச் சொன்னால் இப்போதும் நான் பின்னால் போய் நிற்கிறேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கோவை_ஹவுஸ்சர்ஜன்:
உங்களுக்குச் சத்தம், எனக்குத் தண்ணீர்க் குழாய். பாலியில் கடலோரக் கோயில் ஒன்று. அந்தக் குரங்குகள் கண்ணாடியைப் பிடுங்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். தம்பி விடாமல் இழுத்தான், முன்கையில் கடி. சின்னக் கடிதான், ரத்தம் வந்தது. 2008 வரை வெறிநோயே (ரேபிஸ்) இல்லாத தீவு அது, இப்போது அப்படி இல்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். போனில் டைமர் வைத்துவிட்டு அவன் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டேன். பின்னால் கால் கழுவ வரிசை. பெரியம்மா ஒரு பக்கம், ஓட்டலில் காப்பித்தூள் இருக்கு, எடுத்து அப்பலாம் என்கிறார். நாலாவது நிமிஷத்தில் அவனே “போதும்டா அண்ணா, எல்லாரும் பார்க்கறாங்க” என்று கையை உருவப் பார்த்தான். விடவில்லை. அந்த மீதி 11 நிமிஷம் இருக்கிறதே!

தடுப்பூசி முதல் கிளினிக்கிலேயே கிடைத்தது. தடுப்பூசி வேலை செய்யும்வரை காக்க காயத்துக்குள் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து இல்லை, வேறு இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது. நெல்லைப்பொண்ணு, உங்களுக்கு மணிக்கட்டைப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிட்டது. வெறிநோய் வந்தால் தண்ணீர் விழுங்க முடியாது, அதனால் நான் அதற்கப்புறம் அவன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற_கணக்கர்:
பாப்பா, நீ அந்தக் கையைப் பிடித்திருக்கவே கூடாது. மாணவி. ஏதாவது ஆகியிருந்தால் பொறுப்பு யாருடையது? அப்பா ‘டாக்டர்’ என்றபோதே, இல்லை, மாணவிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் மனைவிக்கும் சிங்கப்பூரில் கால் பிசகியது. பேரன் மருத்துவம் படிக்கிறான், கூடவே இருந்தான். தொடாதே என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் எங்கள் கதை.

இனிப் போகிறவர்கள் கவனியுங்கள். பயணக் காப்பீட்டின் உதவி எண்ணைப் பேப்பரில் எழுதி எல்லோர் பையிலும் வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்பே அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் பாலிசி எடுக்கும்போதே மறைக்காமல் எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரையின் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் புரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதி வையுங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட ரசீது போதாது. எதற்கு எவ்வளவு என்று பிரித்த பில், டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே சிடி மூன்றும் வேண்டும். முக்கியமாக, மாவுக்கட்டோடு உடனே விமானம் ஏறக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால், கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்று பல விமான நிறுவனங்கள் சொல்கின்றன. உள்ளே வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அவசரம் என்றால் கட்டைப் பிளந்துவிடச் சொல்வார்கள். இதையெல்லாம் பாப்பா பார்த்ததாகத் தெரியவில்லை.

நெல்லைப்பொண்ணு:
சார், போட்டது கையை முழுக்கச் சுற்றாத அரைக்கட்டுதான், வீக்கத்துக்கு இடம் இருந்தது. இன்ஷூரன்ஸ் பணமும் வந்துவிட்டது. மாணவி என்று டாக்டரிடம் நானே சொன்னேன். “அப்போ கத்துக்குங்க” என்றார். நான் கேட்டது வேறு.

திபிலிசி_தமிழன்:
கணக்கர் சார், பேரனைத் தொட விடாமல் வைத்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அவனைக் கேட்டால் அவனுக்கும் ஒரு கதை இருக்கும்.

நான் ஜார்ஜியாவில் படிக்கிறேன். குளிர்காலத்தில் அப்பா அம்மா வந்தார்கள், பனி பார்க்க குடௌரிக்குக் கூட்டிப்போனேன். அப்பா பனிமலையில் விழவில்லை, கார் நிறுத்தும் இடத்தில் உறைந்திருந்த தரையில் விழுந்தார். கணுக்கால். வெளிப்பக்க எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் துடிக்கிறார், நாலு அடி வைக்கச் சொன்னால் முடியவில்லை. எக்ஸ்ரே கட்டாயம் என்று அர்த்தம். ஆனால் பூட்ஸ் கழல மாட்டேன் என்கிறது. கத்தரிக்கோல் வாங்கி வந்தேன். அந்த வலியிலும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “டேய், வாடகை பூட்ஸுடா, வெட்டாத, டெபாசிட் போயிடும்” என்கிறார். என் படிப்புக்கு நிலத்தை விற்றவர். வெட்டாமல் லேஸை ஒவ்வொரு கண்ணாக உருவி, நாக்கை முழுக்க வெளியே இழுத்து, குதிகாலைத் தாங்கிப் பிடித்துக் கழற்றினேன். என் விரல் விறைத்துப்போய் முடிச்சே பிடிபடவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸையே பார்த்தார்.

112க்கு அழைத்தேன், ஆம்புலன்ஸ் வந்தது. சார் சொன்ன உதவி எண் பேப்பரிலேயே இருந்தது. பேப்பர் அம்மாவின் பையில். அம்மா ரோப்காரில் மேலே. போனை எடுக்கவில்லை, கீழே வந்தபோது நாங்கள் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டிருந்தோம். “நான் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றதுக்குள்ள என்னடா பண்ணுன அவரை” என்று என்னைத்தான் பிடித்தார்.