அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று சொன்னவர்

போன நவம்பரில் அம்மாவை பாங்காக் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு 66 வயது, முதல் வெளிநாட்டுப் பயணம். போய் இறங்கியதும் சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போனோம். நம் ஊர்க் கோபுரம், உள்ளே தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவுக்கு இருந்த பயமெல்லாம் அங்கேயே போய்விட்டது. எனக்கும்தான்.

மறுநாள் காலை பெரிய அரண்மனை. டாக்ஸிக்காரர் மதில் ஓரமாக இறக்கிவிட்டார். வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டு நடக்கும்போது ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஐம்பது வயது இருக்கும். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி வணங்கினார். "இந்தியாவா? இன்று காலையில் பூஜை நடக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். வரைபடத்தில் மூன்று கோயில்களுக்கு வட்டம் போட்டு, டுக்டுக்கை (அந்த ஊர் ஆட்டோ) நிறுத்தி, 40 பாட்தான் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) என்று பேசியும் கொடுத்தார். சாலையைக் கடக்க அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தக் கையைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

முதலில் ஒரு சின்னக் கோயில். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்தார். அரசாங்கம் நவரத்தினக் கற்களுக்கு வரி தள்ளுபடி கொடுக்கிறதாம், இன்றுதான் கடைசி நாளாம். டுக்டுக் அடுத்து நின்றது ஒரு கல் கடை வாசலில். குளிர்சாதன அறை, குளிர்பானம், நீலக்கல் பதித்த மோதிரம். "இங்கே வாங்குங்கள், சென்னையில் இரண்டு மடங்குக்குப் போகும்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் கார்டை வெளியே எடுத்துவிட்டேன். அம்மா என் காதருகே வந்து கேட்டார்: "இரண்டு மடங்குக்குப் போகும்னா இவங்களே கொண்டுபோய் விற்க வேண்டியதுதானே?"

வெளியே வந்தோம். வெறுங்கையோடு வந்ததைப் பார்த்ததும் டுக்டுக்காரர் முகம் மாறிவிட்டது. ஆள் கொண்டுவந்தால் கடையில் அவருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும், அதனால்தான் 40 பாட்டுக்கு ஊரைச் சுற்றுகிறார். வேறு டாக்ஸி பிடித்து அரண்மனைக்குத் திரும்பினோம். காலை 8.30க்கே திறந்திருக்கிறது. வெளியாட்கள் சொல்வதை நம்ப வேண்டாம் என்று வாசலிலேயே எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. ஆனால் வாசல் வரை போனால்தானே அதைப் படிக்க முடியும்? அவர்கள் நம்மை மடக்குவது அதற்கு முன்னால்.

பணத்தை இடுப்புப் பையில் வைத்திருந்தேன், தோள்பையை முன்பக்கம் மாட்டியிருந்தேன். பிடுங்குகிறவனுக்குத் தயாராகப் போயிருந்தேன், வணங்குகிறவருக்கு இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். அடுத்த மாதம் பெற்றோரோடு போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

—

அக்கா, எங்களுக்கு பட்டாயாவில் நடந்தது. நண்பர்கள் நான்கு பேர், கடற்கரையில் ஜெட் ஸ்கீ எடுத்தோம், அரை மணி நேரம். அடமானமாக ஒருவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. திரும்பி வந்ததும் வண்டியைப் புரட்டி அடிப்பக்கக் கீறல்களைக் காட்டி 30,000 பாட் கேட்டார்கள். கீறல் பழையது, ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. ஆனால் ஏறும் முன் நாங்கள் அடிப்பக்கத்தைப் பார்க்கவும் இல்லை, வீடியோ எடுக்கவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஆறேழு பேர் சுற்றி நின்றுவிட்டார்கள்.

நண்பன் ஒருவன் சத்தம் போட ஆரம்பித்தான், அவனைப் பிடித்து உட்கார வைத்தோம். நான் 1155க்குப் போன் போட்டேன். அது தாய்லாந்தின் சுற்றுலா போலீஸ் எண், ஆங்கிலத்தில் பேசலாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே 30,000 என்பது 10,000 ஆனது. போலீஸ்காரர் வந்த பிறகு 4,000 கொடுத்து பாஸ்போர்ட்டை வாங்கினோம். நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் போனில் இல்லாமல் போயிருந்தால் அன்று அடிதடியில் முடிந்திருக்கும். வண்டியோ ஸ்கூட்டரோ எதை எடுத்தாலும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டால் கொடுங்கள், அதற்கும் ஒத்துக்கொள்ளாத இடத்தில் எடுக்காதீர்கள்.

—

பாஸ்போர்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சாட்டுசாக் வார இறுதிச் சந்தையில் என் கணவருடைய பாஸ்போர்ட் தொலைந்தது. ஞாயிற்றுக்கிழமை, இரவு விமானம். டிக்கெட் போனது போனதுதான். முதலில் போலீஸில் புகார் எழுதி அதன் நகலை வாங்கினோம். திங்கள் காலை பாங்காக்கில் இருக்கும் நம் தூதரகத்துக்குப் போனோம். ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் தருகிறார்கள். பாஸ்போர்ட் நகல் மின்னஞ்சலில் இருந்ததால்தான் வேலை சீக்கிரம் நடந்தது. போனிலும் நகல் இருந்தது, ஆனால் அந்தப் போனும் அதே பையோடு போய்விட்டது. நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்.

—

ஒரு தம்பி வேப் (மின்சிகரெட்) கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. தாய்லாந்துக்குள் அதைக் கொண்டுவருவதே குற்றம்.

—

எல்லோருக்கும் நன்றி. 1155ஐ அம்மா போனிலும் பதிந்துவிட்டேன்.

அம்மா அதற்குப் பிறகு பயந்துவிட்டாரா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அன்று மாலையே நடந்ததைச் சொல்கிறேன். அரண்மனையிலிருந்து வெளியே வந்து தா சாங் படகுத்துறைக்குப் போனோம், எந்தப் படகு என்று தெரியவில்லை. சுற்றுலாப் படகு வேண்டுமா என்று இரண்டு பேர் எங்களை நோக்கி வந்தார்கள். அம்மா அவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராக டிக்கெட் மேசையில் இருந்த பெண்ணிடம் போனார். மொழி கிடையாது, நாங்கள் இறங்க வேண்டிய துறையின் பெயரை, "சாத்தோர்ன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் ஆற்றைக் காட்டி, ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். படகு நகர்ந்த பிறகும் அம்மா அவருக்குக் கையசைத்துக்கொண்டே இருந்தார்.