சங்கீதம் 128:2 வீட்டுக்காரருக்கு எப்படி எடுத்துச் சொல்றது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எங்க வீட்டுக்காரர் எடுத்த வாக்குத்தத்த கார்டு (புது வருஷத்துக்குன்னு எடுக்கிற பைபிள் வசனச் சீட்டு) சங்கீதம் 128:2, "உன் கைகளின் பிரயாசத்தை நீ சாப்பிடுவாய்". கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கார், கார்டை அங்க சுவிட்ச் போர்டு மேல ஒட்டினார், ஆயில் கை பட்டுப்பட்டு இப்ப பாதி எழுத்து மங்கிப்போச்சு. ஏப்ரல்ல இருந்து ஆர்டர் சரியா இல்ல, வேலைக்கு இருந்த ரெண்டு பசங்களையும் நிறுத்திட்டார், மூணு மாசமா குடும்ப ஜெபத்துக்கு உக்கார்றதே இல்ல, "கை ஓயல, சாப்பிடுறது எங்க"ன்னு ஒரே கேள்வி.

சபை ஐயர் (போதகர்) வந்து ஜெபிச்சுட்டுப் போனார். பாடுபட்ட யோபுவோட புத்தகத்தை வாசிச்சேன், பாதில எழுந்து போயிட்டார். சொந்தக்காரர் ஒருத்தர் முதல் வசனத்தைக் காட்டி, கர்த்தருக்குப் பயந்து நடக்கிறவனுக்குத்தானே பாக்கியம், உனக்கு அது குறைச்சலான்னு கேட்டுட்டார், அதுலதான் மனுஷன் ஒடைஞ்சே போயிட்டார்.

120ல இருந்து 134 வரைக்கும் ஆரோகண சங்கீதம், அதாவது எருசலேமுக்குச் சேர்ந்து யாத்திரை போறப்ப பாடினதுன்னு சொல்வாங்க, 5ஆம் வசனத்துல எருசலேமின் வாழ்வும் வருது, அதனால இது ஒருத்தரோட வருமானத்தைப் பத்தி மட்டும் சொன்னது இல்லன்னு எனக்குப் படுது. 3ஆம் வசனத்துல வர்ற ஒலிவக் கன்னு கூட பழைய மரத்து அடியில இருந்துதான் முளைக்குமாம், அதை நினைச்சாலே எனக்கு அழுகை வருது, ஆனா அவர்கிட்ட சொல்ல வாய் வரல.

வர்ற சனிக்கிழமை ராத்திரி உக்கார்றேன்னு சொல்லியிருக்கார். 128ஐயே திரும்ப வாசிக்கவா, இல்ல "கண்ணீரோடே விதைக்கிறவர்கள்"னு வர்ற 126ல ஆரம்பிக்கவா?