தேர்வில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதுவது எப்படி?

கேள்வி (கும்பகோணம் வாசகி):

பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவருக்கு அடுத்த மாதப் பருவத் தேர்வில் ஸ்க்ரைபாக, அதாவது அவர் சொல்லும் விடையை எழுதுபவராக, இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர் இளங்கலைத் தமிழ் படிக்கிறார்; நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். அவர் சொல்வதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றினால் திருத்தி எழுதலாமா? அவருடைய மதிப்பெண் என் கையில் இருக்கிறதே என்று அச்சமாக இருக்கிறது.

பதில் (பார்வையற்ற ஆசிரியர்):

திருத்தாதீர்கள், அம்மா. பள்ளியிலிருந்து முதுகலை வரை எல்லாத் தேர்வுகளையும் பிறர் கையால் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த விடைத்தாளில் இருக்க வேண்டியது அவருடைய அறிவும் அவருடைய பிழையும்தான்.

தமிழில் உண்மையான சிக்கல் ல, ள, ழ, ர, ற, ண, ன ஆகிய எழுத்துகளில் வரும். ‘வாழை’ என்பதை ‘வாளை’ என்று ஒலிப்பவருக்கும் சரியான எழுத்து தெரிந்திருக்கக்கூடும். பிரெய்லில் படித்தவர் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டு அறிந்திருப்பார். ஒலிப்பதிவைக் கேட்டே படித்தவருக்கோ சொல் காதில் மட்டுமே இருக்கும். ஆகவே ஐயம் வந்தால் ஊகிக்காமல், “மூன்று சுழியா, இரண்டு சுழியா?” என்று கேளுங்கள். ஒற்று அவர் வாயில் ஒலித்தால் எழுதுங்கள். ஒலிக்காவிட்டால் நீங்களாகச் சேர்க்காதீர்கள். செய்யுளை மேற்கோளாகச் சொல்லும்போது அடி எங்கே முடிகிறது என்பதையும் அவரே சொல்லட்டும்.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் நெடுவினா ஒன்றுக்கு நான் விடை சொல்லிக்கொண்டிருந்தபோதே பேனாவின் ஓசை நின்றுவிட்டது. கேட்டதற்கு, “எழுதிவிட்டேன், மேலே சொல்லுங்கள்” என்றார் எழுதியவர். படித்துக் காட்டச் சொன்னபோதுதான் மூன்று பத்திகளை அவர் நான்கு வரிகளாகச் சுருக்கியிருந்தது தெரிந்தது. எஞ்சிய நேரத்தில் அதை முழுமையாக எழுதுவிக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு விடையும் முடிந்தவுடன், அவர் கேட்காவிட்டாலும், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பதில் (தன்னார்வலர், மதுரை):

விதிகளையும் தெரிந்துகொள்வது நல்லது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வு நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்றிருந்தது; மூன்று மணித் தேர்வுக்கு இது ஒரு மணி நேரம் ஆகிறது. தேர்வர் தாமே ஸ்க்ரைபை அழைத்து வந்தால், அவருடைய கல்வித் தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதன்படி உங்கள் தகுதி பொருந்தும் என்றே கருதுகிறேன். ஆயினும் இப்போதுள்ள விதியைக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேர்வுக்கு முன் ஒரு நாளாவது பழைய வினாத்தாளுடன் இருவரும் அமர்ந்து பழகுங்கள். அவர் பேசும் வேகத்துக்கு உங்கள் கை ஈடு கொடுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். வினாத்தாள் கிடைத்தவுடன் மதிப்பெண், ‘அல்லது’ என வரும் தெரிவுகள் உட்பட முழுவதையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். எதை முதலில் எழுதுவது என்று அவர் தீர்மானிக்கட்டும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாளுடன் அவர் வீட்டுக்குச் செல்கிறேன். பிரெய்லில் படித்தாரா, கேட்டுப் படித்தாரா என்பதைத்தான் முதலில் விசாரிக்கப் போகிறேன்.